அறுபது ரொட்டி வாடகை

மிகுந்த மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் இரண்டாம் தடவை சாய்ந்து, டிராம் தண்டவாளமெல்லாம் பெயர்ந்து, மிருகக்காட்சி சாலையிலிருந்து தப்பித்த ஒட்டகச்சிவிங்கி ரயில் நிலைய வாசலில் வந்து நின்று மணிக்கூண்டையே பார்த்துக்கொண்டிருந்ததே, அந்த வருடம் உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை அச்சுக்கூடத்துப் பின்வீட்டிலிருந்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம். அப்படிச் சொன்னவுடன் இதை எழுதுகிற ஜெராக்ஸ் கடை அம்மா என் முகத்தைப் பார்த்து, "அப்படியே எழுதட்டுமா பெரியவரே?" என்று கேட்கிறாள். ஆகவே முழங்காலும் வாடகையும் நீங்கலாக நலம். அவ்விடம் நீங்களும் மருமகளும் உங்கள் இருமலும் சௌக்கியமா? நமக்குள் பேச்சு நின்று பதினொரு வருடமாகிவிட்டபடியால் இருமல் இன்னும் இருக்கிறதா என்று தெரியாமலே விசாரிக்கிறேன். போய்விட்டிருந்தால் அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். இன்னொன்று, இந்த அம்மா போன மாதம் வரை பக்கத்துக்கு இருபது வாங்கினாள், இப்போது இருபத்தைந்து. கேட்டால் மை விலை ஏறிவிட்டது என்கிறாள். மை போவது மெஷினுக்கு, அவள் எழுதுவது பேனாவால். ஆகையால் ஓரத்தில் இடம் விடாமல், பொடி எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். மூச்சு முட்டினால் நடுவில் தண்ணீர் குடித்துக்கொள்ளவும்.

அந்த வருடத்து விலைவாசி உங்களுக்கு மறந்திருக்காது. காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் பலகையில் சாக்கட்டியால் எழுதி எழுதி அழித்து, கடைசியில் சாக்கட்டி கட்டுப்படியாகவில்லை என்று வாயாலேயே சொல்ல ஆரம்பித்தார். சம்பளத்தை வாங்கிக்கொண்டு நடந்தால் வழியிலேயே இளைத்துப்போகும் என்று நான் அச்சுக்கூடத்திலிருந்து கடைவரை ஓடியிருக்கிறேன். அந்த நேரம் பார்த்துக் கல்யாணமாகி வீடு தேடினால், வீட்டுக்காரர், நம் கண்ணாடிக்காரர், ரொட்டிக்கடை மேஜையில் எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டு, "காசில வாடகை பேசினா சாயங்காலத்துக்குள்ள புளிச்சுப் போகுதுப்பா, காசு வேணாம், வேற எதையாவது வச்சுப் பேசுங்க" என்றார். தையல்காரர் துணியை வைத்துப் பேசலாம் என்றார். கம்பவுண்டர் இருமல் மருந்து என்றான். அப்போது எங்களில் ஆக உயரமும் ஆக ஒல்லியுமான நீங்கள் எழுந்து நின்று, "ஏன், இந்த ரொட்டியவே வச்சுக்குங்களேன், எல்லாரும் தின்னுறதுதானே" என்றீர்கள். யோசனை உங்களுடையது, மச்சான், நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுபது ரொட்டி கேட்க, நீங்கள் ஐம்பதில் நிற்க, மாதம் அறுபது ரொட்டியின் விலை வாடகை என்று முடிந்தது. "காகிதத்துல எழுதிக்கலாமா?" என்று கம்பவுண்டர் கேட்டான். "காகிதம் என்ன விலை விக்குது தெரியுமா?" என்றார் கண்ணாடிக்காரர். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. நாற்பது வருடம் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கழுவியவன் நான், கழுவத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. ஆறு பேரும் கை கொடுத்துக்கொண்டோம், ரொட்டிக்கடைக்காரர் ஆளுக்கொரு துண்டு வெட்டி வைத்தார், அதற்கும் காசு வாங்கினார்.

பிறகு ஐம்பத்தைந்து வருடம் ஒரு தகராறு இல்லை. மாதம் பிறந்தால் உங்கள் தங்கை கடைக்குப் போய் விலை கேட்டு, திரும்பி வருகிற வழியிலேயே மனக்கணக்காக அறுபதால் பெருக்கி, வாசலில் செருப்பைக் கழற்றும்போது தொகையைச் சொல்லுவாள். எனக்குப் படிப்பு இல்லையே தவிர, காதில் விழுந்தது போகாது. மகள் பிறந்த மாதம் ரொட்டி ஒன்றேகால். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது மூன்று. எனக்கு விரல் நசுங்கிய மாதம் நாலரை. மகள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு. உங்கள் தங்கை கண்ணை மூடிய மாதம் பத்தொன்பது. போன வருடம் நாற்பது, அதாவது வாடகை இரண்டாயிரத்து நானூறு. கண்ணாடிக்காரர் போன பிறகும் அவர் மகன் சின்னக் கண்ணாடி ஒரு வார்த்தை மாற்றவில்லை. அச்சுக்கூடம் மெத்தைக் கிடங்காகப் போயிற்று, எதிர்வீடு மூன்று தடவை இடிந்து நாலு தடவை கட்டப்பட்டது, நம் ரொட்டி மட்டும் அப்படியே நாலு மூலையாக, மேலே கருகலாக, அடியில் மாவு ஒட்டிக்கொண்டு ஒண்ணரை ராத்தல் இருந்தது. அதில்தான் என் வாயால் நானே மண் போட்டுக்கொண்டேன். ரொட்டிக்கடைக்காரரின் பிள்ளைகள் கடையை ஒரு தாடிக்காரருக்கு விற்றார்கள். அந்த மனுஷர் நல்ல மாதிரி. தெருவில் பழைய ஆள் நான்தான் என்று தெரிந்து, கையில் சின்ன நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "ஐயா, இந்தக் கடையில என்ன மாத்தினா நல்லாருக்கும்?" என்று கேட்டார். ஐம்பத்தைந்து வருடம் தின்றவனிடம் கேட்டால் சும்மா இருப்பானா? "மொதல்ல இந்த ரொட்டிய மாத்துப்பா, செங்கல் மாதிரி இருக்கு, பல்லு போன ஆளுக்கு ஆகலை, நாலு விதையாவது மேல தூவு" என்றேன். எழுதிக்கொண்டார். தூவிவிட்டார், மச்சான். எட்டு மாதம் பூட்டி வைத்து, கண்ணாடிக் கதவு போட்டு, மஞ்சள் விளக்கு தொங்கவிட்டு, உருண்டையாக ஒரு ரொட்டி, மேலே விதை. விலை நூற்று அறுபத்தைந்து. பழைய ரொட்டி அறவே கிடையாது. "நீங்க சொன்னதுதான் ஐயா" என்று எனக்கு ஒரு துண்டு இலவசமாகக் கொடுத்தார். மெத்தென்றிருந்தது. மென்றுகொண்டே வீடுவரை வந்த பிறகுதான் அறுபதால் பெருக்கினேன். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம். எனக்கு மாதம் வருவது ஆறாயிரம்.

கடை பூட்டியிருந்த எட்டு மாதமும் சின்னக் கண்ணாடி பழைய வாடகையே வாங்கிக்கொண்டான். திறந்த மறுவாரம் வந்தான். அவன் கெட்டவன் இல்லை, அவன் அப்பாவைப் போலவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காப்பீட்டு ஆபீசில் உட்கார்ந்து உட்கார்ந்து தோள் சரிந்துபோன ஆள். வீட்டில் அவன் மனைவி கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறாள் என்பது அவன் செருப்பைக் கழற்றாமல் நின்றதிலேயே தெரிந்தது. "மாமா, அறுபது ரொட்டின்னா அறுபது ரொட்டிதானே, உங்க காலத்துப் பேச்சுத்தானே" என்றான். "அது இந்த ரொட்டி இல்லைப்பா, நாலு மூலை ரொட்டி" என்றேன். "யார் சொன்னா?" "நாங்க ஆறு பேரும் சொன்னோம்." "அந்த ஆறு பேர்ல ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா சர்க்கார் மாசாமாசம் விலைவாசி ஏத்தம்னு ஒரு கணக்கு விடுறாங்கல்ல, மாநகரம் முழுசுக்கும் சேர்த்து, பழைய வாடகை மேல அதைப் போட்டுக்கலாம். ரெண்டும் இல்லைன்னா இந்த ரொட்டிதான். ஒண்ணாம் தேதிக்குள்ள சொல்லுங்க மாமா, வீட்டுல என்னால பதில் சொல்ல முடியல." சர்க்கார் கணக்கு என்றால் நம்மை எங்கே கொண்டுபோய் விடுமோ என்று எனக்குப் பயம். இருந்தாலும் விசாரித்துவிடுவோம் என்று மறுநாள் இரண்டு பேருந்து மாறி நடுநகரத்து விலைவாசி ஆபீசுக்குப் போனேன். ஏழாவது மாடி, லிஃப்டு பழுது. அங்கே ஒரு பெண் அதிகாரி எழுந்து வந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். "தாத்தா, மாநகரத்துல நானூறு சாமான் விலையை நாங்க மாசாமாசம் எடுக்கிறோம். ரொட்டி, பால், செருப்பு, முடிவெட்டு, டெலிபோன், எல்லாம். அதுல சிலது ஏறும், சிலது இறங்கும். டெலிபோன், டிவி எல்லாம் நல்லா இறங்கியிருக்கு." "நான் டெலிபோனைத் திங்கிறதில்லையே அம்மா." "இல்ல தாத்தா, இது சராசரி." "நான் சராசரியில குடியிருக்கல தாயி, அச்சுக்கூடத்துக்குப் பின்னால குடியிருக்கேன்." சிரித்தாள். "சரி, போன வருஷத்துக்கு இந்த வருஷம் எவ்வளவுதான் ஏறியிருக்குன்னு எழுதி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "நூத்துக்கு ஆறு" என்றாள். எனக்கு வந்ததே கோபம். ஆறாம்! நாற்பதுக்கு விற்ற ரொட்டி நூற்று அறுபத்தைந்துக்குப் போய் நிற்கிறது, இவள் ஆறு என்கிறாள். "நீங்க யாரும் கடைக்கே போறதில்லையா? இப்படிப் பச்சைப் பொய்யா எழுதி வச்சா ஊர் உருப்படுமா?" என்று ஏழு மாடிக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுவிட்டு இறங்கினேன். பொய்க் கணக்கை வைத்து வாடகை கொடுக்கிற ஆள் நான் இல்லை என்று அன்றைக்குச் சாயங்காலமே சின்னக் கண்ணாடியிடம் சொல்லிவிட்டேன். சாட்சியே கொண்டுவருகிறேன் என்றேன். அந்த ஆபீஸ் வாசலில் ஒரு சாதா ரொட்டி, அதே நாலு மூலைதான், எழுபது, ஒரு டீ நம் தெருவில் முடிவெட்டுகிற காசு. குடிக்காமல் வந்துவிட்டேன்.

சாட்சி என்று நான் கிளம்பினது தையல்காரரைத் தேடி. அவர் மகளோடு வடக்குக் கடைசியில் இருக்கிறார் என்று கேள்வி. மூன்று மணி நேரப் பயணம். அங்கே சாதா ரொட்டி நாற்பத்தாறு, கேட்டு வைத்துக்கொண்டேன். கதவைத் திறந்த மகள் என்னை அடையாளம் கண்டு, "மாமா, உங்களுக்குத் தகவல் வரலையா?" என்றாள். அவர் போய் எட்டு மாதமாகிறதாம். கடைசிவரை சுவரில் நாடாவை வைத்து அளந்துகொண்டே இருந்தாராம். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, ரொட்டியைப் பற்றி அப்பா எப்போதாவது பேசினதுண்டா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அப்பாவுக்குக் கடைசியில் ரொட்டி உள்ளே இறங்கவே இல்லை என்று சொல்லி அழுதாள். நான் பாட்டுக்கு வாடகைக்காக வந்தவன், அவள் தோளைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் தெற்கே, கம்பவுண்டர் இருந்த முதியோர் இல்லத்துக்குப் போனேன். அங்கே சாதா ரொட்டி ஐம்பத்தெட்டு. ஒரே நகரம், ஒரே பேருந்துச் சீட்டு, ஒரே மாவு, ஏறுகிற நிறுத்தத்தில் ஒரு விலை, இறங்குகிற நிறுத்தத்தில் ஒரு விலை. கம்பவுண்டர் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "ஏண்டா இவ்வளவு நேரம்? ரொட்டி எங்கே?" என்றான். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. "எந்த ரொட்டிடா?" என்றேன். "எந்த ரொட்டியா? நாலு மூலை, மேல கருகல், அடியில மாவு. ஒண்ணரை ராத்தலுக்கு ஒரு பொட்டு குறைஞ்சாலும் திருப்பிக் குடுத்துடு" என்றான். வார்த்தைக்கு வார்த்தை சரி! தலையணைக்கு அடியில் கைவிட்டு, செல்லாமல் போய் முப்பது வருடமான காசு இரண்டை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினான். "ஒண்ணேகால்தான். மேல கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. மீதிய ஒழுங்காக் கொண்டா, ஏமாத்தாதே." ஊரிலேயே அவன் ஒருத்தனுக்குத்தான் விலைவாசி ஏறவே இல்லை, மச்சான். அந்தக் காசை அவன் தலையணைக்கு அடியிலேயே திரும்ப வைத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னக் கண்ணாடியைக் கெஞ்சிக் கூத்தாடி டாக்சி வைத்து அழைத்துப் போனேன். கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வியாழக்கிழமையாம். நர்ஸ் ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து, "நீங்கதானே ரொட்டி வாங்கப் போனவரு? வந்தா குடுத்துடச் சொன்னாரு" என்று கொடுத்தாள். அதே இரண்டு காசு. திரும்பி வரும்போது டாக்சியில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டேன். மீட்டர் ஓடிக்கொண்டே வந்தது.

இனி நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த அம்மா 'நீங்கள்' என்றே எழுதிக்கொண்டு வருகிறாள், வேண்டாம், இனி வாயில் வருகிறபடியே எழுது என்று சொல்லிவிட்டேன். மச்சான், நீ வரவேண்டும். ஒண்ணாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான். வீட்டை விட்டால் மகள் வீடுதான் கதி. "தாராளமா வாங்கப்பா" என்கிறாள், பால்கனியில் துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் கட்டில். மெஷின் ஓடும்போது கட்டிலும் கூடவே நடக்கும் என்று மாப்பிள்ளை முன்கூட்டியே சொல்லிவிட்டார். கட்டில் நடந்தால் நடக்கட்டும். ஆனால் இந்தப் பின்வீட்டுச் சமையலறையில் உன் தங்கை எட்டுகிற உயரத்துக்கு நான் அடித்த பலகை இருக்கிறது. அவள் குள்ளம், எனக்கு அது நெஞ்சில் இடிக்கும், ஐம்பது வருடமாக இடிக்கிறது. இப்போதும் தினம் ஒரு தடவை இடித்துக்கொள்கிறேன். அதை எங்கே கொண்டுபோய் அடிப்பேன்? அவளை அடக்கம் செய்த அன்றைக்கு கல்லறைத் தோட்ட வாசலில் பூக்காரியோடு நான் பேரம் பேசினேன் என்று, அத்தனை பேர் முன்னால் நீ என் சட்டையைப் பிடித்து, "என் தங்கச்சிக்குக்கூடப் பேரமாடா?" என்று கேட்டாயே. பதினொரு வருடமாகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அந்தப் பூக்காரி முப்பது பெறுகிற பூவுக்கு எழுபது சொன்னாள். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு உள்ளே போயிருந்தால் உன் தங்கை பெட்டிக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்து, "உங்களுக்கு ஒரு சாமான் வாங்கத் தெரியுமா?" என்று கேட்டிருப்பாள். அவள் போகிற அன்றைக்காவது திட்டு வாங்காமல் அனுப்பலாம் என்று பார்த்தேன், அவ்வளவுதான். நாற்பதுக்கு முடித்தேன். அதற்குள் நீ வந்து சட்டையைப் பிடித்துவிட்டாய். அது புதுச் சட்டை, விலை சொல்ல மாட்டேன்.

நீ வந்து, அது நாலு மூலை ரொட்டிதான், கண்ணால் பார்த்தேன், கையால் தொட்டேன் என்று சின்னக் கண்ணாடி முன்னால் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேருந்துச் செலவு என்னுடையது. கட்டில் உனக்கு, தரை எனக்கு. உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், வாடகை ஏறாமல் வாழ என் ஆசீர்வாதம். நீ எனக்கு இரண்டு வயது மூப்பு என்பதால் உன் ஆசீர்வாதத்தையும் கேட்டுக்கொள்கிறேன், இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் போகட்டும். மருமகளுக்கும் இருமலுக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
கைநாட்டு (இதற்கு இந்த அம்மா காசு வாங்கவில்லை)

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. கைநாட்டு வைத்துவிட்டு விரலைத் துடைக்கும்போது ஜெராக்ஸ் அம்மா, "பெரியவரே, கோபப்படாதீங்க, நூத்துக்கு ஆறுன்னா உங்க வாடகைக்கு எவ்வளவுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள். நான் எங்கே பார்த்தேன், சத்தம் போட்டுவிட்டு வந்துவிட்டேனே. கணக்கு மெஷினில் தட்டினாள். இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்து நாலு. நான் மூன்று இடத்திலும் விசாரித்து வைத்த நாலு மூலை ரொட்டியில் ஆக மலிவான வடக்குக் கடைசி ரொட்டியை அறுபதால் பெருக்கினால்கூட இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது. நீ சாட்சி சொல்லி நான் ஜெயித்தால் மாதம் இருநூற்றுப் பதினாறு நஷ்டம். இதற்காகத்தான் இரண்டு பேரை எழுப்பப் போயிருக்கிறேன். கடையிலிருந்தே சின்னக் கண்ணாடிக்குப் போன் போட்டாள். "அதைத்தானே மாமா அன்னைக்கே சொன்னேன், நீங்கதான் பொய்க் கணக்கு வேணாம்னுட்டீங்க" என்றான். பிறகு அவனாகவே, "வீட்டுல நான் சொல்லிக்கிறேன், இருங்க" என்றான். வீடு தப்பிவிட்டது. மூன்று பக்கத்துக்கும் காசு கொடுத்தாகிவிட்டபடியால் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. சாட்சி சொல்ல வராதே. வந்து, வாசலில் சின்னக் கண்ணாடி எதிர்ப்பட்டால், எனக்கு எதுவும் ஞாபகமில்லை என்று சொல்லிவிடு. ஆனால் வா. கம்பவுண்டரின் இரண்டு காசு என் சட்டைப் பையிலேயே கிடக்கிறது, மீதி யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. அந்த மேஜையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக்காரர் போய்விட்டார், ரொட்டிக்கடைக்காரர் போய்விட்டார், தையல்காரர் போய்விட்டார், கம்பவுண்டரும் போன வியாழக்கிழமை போய்விட்டான். என்னைச் சேர்க்காமல் எண்ணினால் மிச்சம் நீ ஒருத்தன்தானடா, ஒட்டடைக்குச்சி.